ஷூ பாலிஷுக்குப் பின்னால்

எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டுக்கு ஒரு குணம் உண்டு. எனக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் போதும், நிறுத்திவிடுவார்கள். கோதுமை ரொட்டி போனது. காப்பித்தூள் இருந்த இடத்தில் இப்போது நாய்த்தீனி. எங்களிடம் நாய் இல்லை. நான் வாங்கும் சவர பிளேடும் வாராவாரம் குறைந்துகொண்டே வருகிறது.

இதெல்லாம் பரவாயில்லை. அன்னாசிப் பற்பசை போனதைத்தான் சமாளிக்க முடியவில்லை. என் மகளுக்கு ஐந்து வயது. அவள் அம்மா இறந்து ஏழு மாதம். அதன்பின் எதற்குமே அடம்பிடிக்காதவள், இந்த ஒன்றில் வாயைத் திறக்க மறுத்தாள். ஸ்ட்ராபெரி கொடுத்தேன். துப்பினாள். நான்கு நாட்களாகப் பல் தேய்க்கவில்லை.

சனிக்கிழமை காலை அவளைக் கடையின் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். சாமான் அடுக்கும் அக்கா ஏணியில் நின்று ஷாம்பு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னாசி பேஸ்ட் இனிமே வராதா?"

"நிறுத்திட்டாங்க தம்பி. என்னையே எப்ப நிறுத்துவாங்களோ, யாரு கண்டா?"

"உள்ள ஒண்ணு ரெண்டாவது கிடக்காதா?"

அக்கா என் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"ஏன்டி குட்டி, அப்பாகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

மகள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அக்கா இறங்கி ஷூ பாலிஷ் வரிசைக்கு நடந்தார். அடித்தட்டு. யாரும் குனியாத இடம். பழுப்பு டப்பாக்களை விலக்கினார். பின்னால் மூன்று அன்னாசிப் பற்பசை.

"உங்க வீட்டம்மா வேலை தம்பி. பிடிச்ச சாமான் குறைய ஆரம்பிச்சா, அந்தப் பொண்ணு இங்க கொண்டாந்து ஒளிச்சு வெச்சிடும். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கும். சூப்பர்வைசர் வந்தா நான் முன்னாடி நின்னு மறைச்சுக்குவேன்." டப்பாவை முந்தானையால் துடைத்தார். "அப்புறம் வரல. எனக்கும் எடுக்க மனசு வரல."

கடையில் எடுத்த பொருளை எடுத்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று மனைவியிடம் இரண்டு முறை பேசியிருக்கிறேன். இரண்டு முறையும் தலையாட்டினாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன் மகளிடம்.

"ம்."

"நாலு நாளா ஏன் சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டதான் முக்கியமா. நீ பாடம் நடத்துவியாம்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் காலாவதித் தேதியைப் பார்த்தேன். இன்னும் ஒரு வருடம் இருந்தது.

பில் போடும் இடத்தில் மகளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன். இயந்திரம் பற்பசையை ஒப்புக்கொள்ளவில்லை.

"சார், இப்படி ஒரு பொருளே இல்லைன்னு காட்டுது" என்றாள் பில் போடும் பெண்.

"கையில வெச்சிருக்கீங்களே."

"இருக்கு சார். ஆனா இல்ல."

ஐந்து நிமிடம் பேசினோம். கடைசியில் அக்கா எங்கிருந்தோ என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பாலிஷ்னு போடும்மா. அதே விலைதான்." மூன்று ஷூ பாலிஷுக்குப் பில் வந்தது. என்னிடம் இருப்பது ஒரு ஜோடி செருப்பு.

வீட்டுக்கு வந்ததும், நான் சொல்லாமலே, மகள் முக்காலியில் ஏறி நின்று பல் தேய்த்தாள். வாய் நிறைய நுரை.

"அப்பா, கடையில உன் பிளேடு ரெண்டே பாக்கெட்டுதான் இருந்துச்சு."

"சரி?"

"நீ பில் போடுற அக்காகிட்ட பேசிட்டிருந்தப்ப ஒளிச்சு வெச்சுட்டேன்."

"எங்க?"

கொப்பளித்தாள். நிதானமாகத் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்."