எலும்பெடுத்த றெக்கை

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் கங்கம்மாள் மெஸ்ஸில் கோழி றெக்கை வறுவல் கிடைக்கும் என்பது அந்தப் பக்கம் லாரி ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். பெங்களூர் ரோட்டை ஒட்டி, பென்னலூருக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது கடை. தகரக் கூரை, ஆறு மேஜை, பின்னால் இரண்டு அடுப்பு. சமையல் கங்கம்மாள். கறி வாங்குவது, பரிமாறுவது, வருகிறவர்களிடம் வாயாடுவது எல்லாம் அவள் புருஷன் எல்லப்பன். முன்னால் லாரி ஓட்டியவன்தான். நாலு வருஷத்துக்கு முன்பு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இந்தக் கடையைப் போட்டான்.

றெக்கையை எலும்போடு தின்பதா, எலும்பை எடுத்துவிட்டுத் தின்பதா என்று அங்கே வாராவாரம் ஒரு சண்டை நடக்கும். பக்கத்துக் கம்பெனிகளில் வேலைக்கு வந்த பேன்ட் போட்ட பையன்கள், கையெல்லாம் எண்ணெய் ஆகிவிடுகிறது, எலும்பில்லாமல் போட்டால் என்ன என்பார்கள். லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

"எலும்பு வேணாம்னா இட்லி துன்னுட்டுப் போயேன். அதுல எலும்பே கெடையாது" என்பான் எல்லப்பன்.

அவன் சாப்பிடுவது எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, இரண்டு மணி வாக்கில், மூலை மேஜையில். றெக்கையை மூட்டில் வைத்துக் கடைவாயால் ஒரு கடி. படக்கென்று சத்தம் வரும். உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு எலும்பை இலை ஓரத்தில் வைப்பான். சும்மா வைக்கமாட்டான். பெரியது பக்கத்தில் பெரியது, சின்னது பக்கத்தில் சின்னது என்று வரிசையாக அடுக்குவான். பதினோரு வருஷமாகப் பார்த்துப் பழகிய கங்கம்மாளுக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரிந்ததில்லை.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து புதுமுகம் யார் வந்தாலும் ஜனங்கள் ஒருமாதிரிதான் பார்த்தார்கள். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வந்து உட்கார்ந்தபோதும் அப்படித்தான் பார்த்தார்கள். நாற்பது வயது இருக்கும். முழுக்கை வெள்ளைச் சட்டை. இடது பக்கத் தாடை உள்வாங்கியிருந்தது. வாயை முழுதாகத் திறக்காமல், பல்லிடுக்கில் பேசுவதுபோலப் பேசினார். பெயர் ஜெபகுமார், பென்னலூர்ப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் ஸ்டோர் கிளார்க், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீட்டில் தங்கியிருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"அக்கா, றெக்கை வேணும். எலும்ப எடுத்துத் தர முடியுமா?"

எல்லப்பன் குறுக்கே புகுந்தான். "நெஞ்சுக்கறி வாங்கிக்க சார். மெத்துனு இருக்கும்."

"இல்லீங்க. றெக்கைதான் வேணும்."

கங்கம்மாள் அவருடைய தாடையைப் பார்த்தாள். உள்ளே போய், றெக்கையைச் சூடு ஆறுவதற்குள் மூட்டைத் திருகி, இரண்டு எலும்பையும் உருவி எடுத்துவிட்டுக் கறியை மட்டும் கிண்ணத்தில் போட்டுக்கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைச் சின்னச்சின்னதாகப் பிய்த்து வலது பக்கத்தில் ஒதுக்கி மென்றார். ஒரு கிண்ணம் கறி தின்ன ஒரு மணி நேரம் ஆனது. அவர் எழுந்திருக்கும்போது எல்லப்பன் தன் இலையில் எலும்பு அடுக்க ஆரம்பித்திருந்தான். வாசல்வரை போன ஜெபகுமார், திரும்பி வந்து இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்டு, நின்றபடியே குடித்தார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். எல்லப்பன் சாப்பிடும் மேஜைக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தார். மூன்றாவது ஞாயிறு எல்லப்பனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எலும்ப அழகா அடுக்குறீங்களே. எங்க பழகினது? லாரியிலயா?"

"துன்றதுக்கு எவனாவது ஸ்கூலுக்கா போவான் சார்?" என்று சிரித்த எல்லப்பன் சட்டென்று நிறுத்தினான். "நான் லாரி ஓட்டினது ஒனக்கு யாரு சொன்னது?"

"ஊர்ல சொன்னாங்க."

எல்லப்பன் அன்றைக்கு மிச்சக் கறியைத் தின்னவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துபோய் ரோட்டோரம் பீடி பிடித்துக்கொண்டு நின்றான். கங்கம்மாள் அடுப்படியிலிருந்து இரண்டு பேரையும் பார்த்தாள்.

நாலாவது ஞாயிறு எல்லப்பன் அரிசி எடுக்க வாலாஜாபாத் போயிருந்தான். கூட்டம் கலைந்த பிறகும் ஜெபகுமார் உட்கார்ந்திருந்தார். கங்கம்மாள் எதிரில் வந்து நின்றாள்.

"தாடைக்கு இன்னா ஆச்சு சார்?"

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "எம்பத்தஞ்சுல பூந்தமல்லி அந்தாண்ட ஒரு இரும்புப் பவுண்டரில வேலை. ஸ்டிரைக்கு. நாப்பதாவது நாள் கேட்டுக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு இருந்தோம். தார்ப்பாய் போட்ட லாரி ஒண்ணு வந்து நின்னுது. ஒம்பது பேரு குதிச்சான். எல்லார் கையிலயும் பைப்பு. நான் கணக்கு எழுதுறவன் அக்கா, ஓடக்கூடத் தெரியல. எனக்குத் தாடை போச்சு. பக்கத்துல இருந்தவன் பேரு மண்ணாங்கட்டி, அவனுக்குத் தல போச்சு. மோல்டிங் வேலை பாத்தவன். மூணாம் நாள் செத்துட்டான்."

"அய்யோ சாமி."

"பள்ளத்துல கெடந்தேன். கண்ணு மட்டும் தெரியுது. அவனுங்க ஒடனே போவல. பொட்டலம் பிரிச்சுத் துன்னானுங்க. லாரி பின்பலகையில ஒருத்தன் குந்திக்கிட்டுக் கோழி றெக்கை துன்னான். மூஞ்சில துண்டு கட்டிக் கழுத்துக்கு எறக்கி விட்டிருந்தான், வெயில் எதிர்ல அடிக்குது, மூஞ்சி தெரியல. கை தெரிஞ்சுது. எலும்பப் பலகைமேல அடுக்கினான். பெருசு பக்கத்துல பெருசு. சின்னது பக்கத்துல சின்னது."

கங்கம்மாள் அவருடைய கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எத்தினியோ பேரு அப்படித் துன்னுவாங்க சார்" என்றாள்.

"துன்னுவாங்க. தப்பா ஒருத்தர் மேல கைய நீட்டிடக் கூடாதுன்னுதான் நாலு வாரமா பாத்துக்கிட்டு இருக்கேன்."

சாயந்தரம் எல்லப்பன் வந்து மூட்டையை இறக்கினான். கைகால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். கேட்காமல் அவளால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

"எம்பத்தஞ்சுல பூந்தமல்லிப் பக்கம் பவுண்டரிக்கு ஆளு ஏத்திக்கினு போனியா?"

சொம்பிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் கை அசையவில்லை. "நான் வண்டி ஓட்டினேன். அவ்ளோதான். எறங்கக்கூட இல்ல" என்றான். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "யாரு சொன்னது?" என்றான்.

அவள் கண் தன்னையறியாமல் எதிர் மேஜைப் பக்கம் போனது. அவனுக்கு அது போதும். அவன் முகத்தில் முதலில் வந்தது பயம்தான். அதைப் பார்த்து அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. பயம் போன பிறகு வந்து உட்கார்ந்ததை அவள் பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை.

"அந்தத் தாடைக்காரன் எங்க தங்கிக்கீறான்?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

புதன்கிழமை அவன் கடைக்கு வராமல் பூந்தமல்லிக்குப் போனான். திரும்பி வந்தவன் சந்தோஷமாக இருந்தான். வாயில் பாட்டு. அவளுக்குப் பூ வாங்கிவந்திருந்தான். அவள் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே ஒரு மெட்டடார் வேன் வந்து கடைக்குப் பக்கவாட்டில், புளியமரத்து மறைவில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அதில் ஒருவன் பெருத்த உடம்பு, கழுத்தில் தடிச் சங்கிலி. "தாண்டவராயன்" என்று எல்லப்பன் அறிமுகம் செய்தான். "பழைய சிநேகிதம்." தாண்டவராயன் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணி கைப்பக்குவத்தப் பத்திச் சொல்லிக்கினே இருப்பான்" என்றான். நல்ல மரியாதைக்காரன்.

டீ குடித்துக்கொண்டே அவர்கள் பேசியது அடுப்படியை மறைத்த ஓலைத் தடுக்குக்குப் பின்னால் நின்ற கங்கம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பவே முடிச்சிருக்கணும். மண்ணாங்கட்டிய நான் ஒரே போடுதான் போட்டேன். இவன நீ காலப் புட்சிக்கினு இருந்த, நம்ம ஆளு கோணலா எறக்கிட்டான்" என்றான் தாண்டவராயன், மழை தண்ணியைப் பற்றிப் பேசுகிற குரலில்.

"மெதுவா பேசு" என்றான் எல்லப்பன்.

"இன்னாத்துக்கு? கடையில யாரு கீறாங்க? துன்னுட்டு எழுந்து போவட்டும். ரோட்டுல ஒரு வண்டி தட்டிட்டுப் போச்சுனா யாரு கேக்கப்போறாங்க?"

எறங்கக்கூட இல்லை என்றவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் கையிலிருந்த கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.

எல்லப்பன் தடுக்கை விலக்கி எட்டிப் பார்த்தான். "இன்னிக்கு அவனுக்கு எலும்பு எடுக்காத. எலும்போடவே வை."

"அவரால மெல்ல முடியாதே."

"வைன்னா வை."

பதினொன்றரை. சர்ச் முடிந்து அவர் நடந்து வரும் நேரம். கங்கம்மாள் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு, "தண்ணி இல்ல, பைப்புக்குப் போறேன்" என்று பின்பக்கமாக இறங்கினாள். பைப்பு கடைக்கு எட்டின தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தாண்டி, அறுத்த வயலில் இறங்கி, குறுக்கே நடந்தாள். முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் காலை இழுத்தது. ஓடினால் ரோட்டிலிருந்து தெரியும் என்று ஓடவில்லை.

பென்னலூர் ரோட்டு மதகருகே ஜெபகுமார் வந்துகொண்டிருந்தார். கையில் பைபிள். அவளைக் குடத்தோடு பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கடைக்கு வராத சார். வேன் எடுத்துக்கினு வந்துகீறாங்க. அடுத்த பஸ் எதுவா இருந்தாலும் ஏறிப் போயிடு."

"யாரு?"

"தாண்டவராயன்னு ஒருத்தன். பூந்தமல்லிக்காரன். மண்ணாங்கட்டியப் போட்டது அவன்தான். அவன் வாயாலயே சொன்னான், என் காதால கேட்டேன். என் வூட்டுக்காரன்..." அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஒன் காலப் புட்சிக்கினு இருந்தது அவன்தான் சார்."

ஜெபகுமார் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தாள், அழவில்லை. "ஆறு வருஷம் அக்கா" என்றார். "அடையாளம் தெரியாத நபர்கள்னு எழுதி மூடிட்டாங்க. வக்கீல் சொன்னாரு, ஒரே ஒரு பேரு கொண்டாய்யா, தெறந்துடலாம்னு. இந்த ஒரு பேருக்காக எத்தினி லாரி ஷெட்டு ஏறி எறங்கினேன் தெரியுமா? அவன் சொன்னத ஒரு எடத்துல வந்து சொல்லுவீங்களா?"

தூரத்தில் காஞ்சிபுரம் பஸ் வருவது தெரிந்தது. வேண்டாம் சார், போயிடு என்று சொன்னால் போதும். அவர் உயிரோடு போய்விடுவார். அவர்கள் காத்திருந்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போவார்கள். நாளைக்குக் காலையில் அடுப்புப் பற்றவைக்கலாம். எல்லப்பன் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவன்தான் கஞ்சி காய்ச்சுவான். அது எல்லாமே நிஜம்தான். ஒரே போடு என்று அந்த ஆள் சொன்னபோது, அவன் மெதுவா பேசு என்று மட்டும் சொன்னதும் நிஜம்.

"பேரு எழுதிக்க சார்" என்றாள். "கங்கம்மாள். எல்லப்பன் சம்சாரம்."

அவர் பைபிளின் வெறும் பக்கத்தில் பென்சிலால் எழுதினார். பஸ்ஸில் ஏறும்வரை அவள் நின்றாள். பிறகு பைப்புக்கு வந்து குடத்தை நிரப்பிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

"பைப்புக்குப் போய்வர இவ்ளோ நேரமா?" என்றான் எல்லப்பன்.

"கும்பல்."

அவன் அவளுடைய கால்களைப் பார்த்தான். கணுக்கால்வரை செம்மண் அப்பியிருந்தது. பைப்படி முழுக்க சிமெண்டுத் தளம். அவன் திரும்பிப்போய் உட்கார்ந்தான். மூன்று மணிவரை காத்திருந்தார்கள். வேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அவள் எப்படி இருந்தாள் என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை. ஜெபகுமார் வேலைக்கும் வரவில்லை, வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று கம்பெனிப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். எல்லப்பன் மண் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டவும் இல்லை. ஆனால் அவள் போடும் சோற்றை முதலில் அவள் ஒரு வாய் எடுத்துத் தின்ற பிறகுதான் தின்றான். விளையாட்டுபோல, "நீ மொதல்ல துன்னு" என்பான். அவளும் ராத்திரி அரிவாள்மணையைத் தன் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாஸ்டா நேரம் முடிந்து போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஏட்டு நனைந்தபடி உள்ளே வந்து காகிதத்தைப் பிரித்தார்.

"இங்க கங்கம்மாள் யாரு? எல்லப்பன் சம்சாரம்."

எல்லப்பன் எழுந்தான். ஏட்டிடமிருந்து காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். அவனுடைய பெயரும் அதில் இருந்தது, கீழே. தாண்டவராயனை விடியற்காலையிலேயே பூந்தமல்லியில் பிடித்துவிட்டதாக ஏட்டு சொன்னார்.

"ஒன் பேரு ஏன் மொதல்ல கீது?" என்று கேட்டான் எல்லப்பன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன்போலக் கேட்டான்.

கங்கம்மாள் கையைப் புடவையில் துடைத்தாள். "நான்தான் குடுத்தேன்."

அவன் தலையை ஆட்டினான். ஓடப் பார்க்கவில்லை. கல்லா மேஜைமேல் காகிதத்தை வைத்துவிட்டு மழையில் இறங்கிப்போய் ஜீப்பின் பின்னால் ஏறிக்கொண்டான். வாக்குமூலம் எழுதவேண்டும், நீயும் வரணும்மா என்றார் ஏட்டு. வேறு வண்டி இல்லை. அவள் அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு வந்து எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். ஜீப் குலுங்கும்போதெல்லாம் இரண்டு பேர் முழங்காலும் இடித்துக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் போகும்வரை அவன் மழையையே பார்த்துக்கொண்டு வந்தான். ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"பூட்டுப் போட்டியா?"

"போட்டேன்" என்றாள்.

அவன் முதலில் இறங்கினான்.