ஒரு விரற்கடை அதிகமாக

பேயாண்டிபட்டி நடுநிலைப் பள்ளியின் பிள்ளைகள் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை நான்கு வயது மூத்தவர்கள் ஆனார்கள். கணுக்காலுக்குக் கீழே மட்டும். கணுக்காலுக்கு மேலே அவரவர் வயதிலேயே இருந்தார்கள், மூக்கு வழக்கம்போல ஒழுகியது, வாய்ப்பாடு வழக்கம்போல ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றது. அன்று உசிலம்பட்டிச் சந்தையில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்க்கு விற்றது. இந்த இரண்டு செய்திகளில் ஊரார் அதிகம் பேசியது தக்காளியைப் பற்றித்தான்.

இதற்கெல்லாம் காரணம் மதுரையில் பட்டுச்சேலைக் கடை வைத்திருந்த ஜனகராஜ் என்பவரின் இடது முழங்கால். பல வருடமாக வலித்துக்கொண்டிருந்த அந்த முழங்கால், டாக்டர் சொல்லி ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்ததும் வலிப்பதை நிறுத்தியது. உலகத்தில் ஷூவுக்கு மிஞ்சிய தர்மம் இல்லை என்ற முடிவுக்கு ஜனகராஜ் வந்திருந்த அந்த வாரத்தில்தான், பேயாண்டிபட்டித் தலைமையாசிரியர் அசோக்குமார் மகளுடைய கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அவர் கடைக்குப் போனார். ஒரே சேலைக்கு மத்தியானம் வரை விலை பேசினார். பேச்சை மாற்றினால் பிழைக்கலாம் என்று ஜனகராஜ் பள்ளியைப் பற்றி விசாரித்தார். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு வருகிறார்கள் என்றார் அசோக்குமார். மீதிப் பாதி அண்ணனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அதனால் அண்ணன் வெறுங்காலோடு செங்கல் சூளைக்குப் போகிறான் என்றும் சொன்னார். வெயில் காலத்தில் தார் ரோட்டைக் கடக்கும்போது பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தைக் கல்லாவுக்கு எதிரில் ஆடியும் காட்டினார். ஜனகராஜ் மொத்தப் பள்ளிக்கும் ஷூ தருவதாகச் சொன்னார். சேலை விலையை மட்டும் குறைக்கவில்லை.

கால் அளவுக்குத் துடைப்பத்து ஈர்க்குச்சி என்று முடிவானது. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் பாதத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து, அதில் பெயர்ச் சீட்டு கட்டி அனுப்ப வேண்டும். அம்மாக்கள் குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை குச்சியைப் பிடித்தார்கள். ஒடிக்கும்போது வளர்ற பிள்ளையாயிற்றே என்று ஒரு விரற்கடை தள்ளி ஒடித்தார்கள். குச்சிகளைக் கட்டாக வாங்கிய அசோக்குமார், இந்த ஜனங்களுக்கு வருங்காலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சைஸ் கூட்டி எழுதச் சொன்னார். ஜனகராஜின் மனைவி கனகலட்சுமி, வாத்தியார்களுக்குக் குழந்தை வளர்ப்பு எங்கே தெரியப்போகிறது என்று வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் கணவரிடம் சொல்லிவிட்டு, ஷூ கடைக்காரரிடம் தமிழில் இன்னும் ஒரு சைஸ் கூட்டினார். இத்தனை ஜோடி வாங்கும் புண்ணியவான்கள் நாளைக்கே பத்தவில்லை என்று வந்து நிற்கக்கூடாதே என்று கடைக்காரர் யாரிடமும் சொல்லாமல் ஒன்றைக் கூட்டிப் பெட்டியைக் கட்டினார். நாலு தரப்பும் இந்த யோசனை தனக்கு மட்டுமே வந்ததாக நம்பியது.

பெட்டியைத் திறந்ததும் அசோக்குமாரின் முகம் சுருங்கிவிட்டது. ஷூ என்ற பெயரில் ஆளுக்கொரு பரிசல் வந்திருந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலை உள்ளே விட்டதும் ஷூ கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. அவர் கடைக்காரர்கள் செய்வதுபோல முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். உள்ளே விரல் இருந்தது. கழற்றினால் ஐந்து வயதுக் கால். மாட்டினால் ஒன்பது வயதுக் கால். நாலைந்து முறை கழற்றி மாட்டிப் பார்த்த பிறகு, பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதால் நிறுத்திக்கொண்டார். அதற்குள் எல்லாப் பிள்ளைகளும் மாட்டிவிட்டார்கள். மாட்டியதும் ஷூக்கள் நடக்கத் தொடங்கின. நான்கு வருடம் மூத்த கால்கள், நான்கு வருடம் கழித்து எங்கே இருக்குமோ அங்கே கிளம்பிவிட்டன. மேல் பாகம் கூடவே போகவேண்டியதாயிற்று.

ஒன்றாம் வகுப்பு பக்கத்து அறைக்குப் போய் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தது. ஐந்தாம் வகுப்பு உசிலம்பட்டி வரை நடந்து ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தது. அங்கே இருந்த டீச்சர் காலைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டு முகத்தைப் பார்த்து வெளியே அனுப்பினார். எட்டாம் வகுப்புப் பையன்களில் மூன்று பேருடைய ஷூக்கள் ரோட்டுக்கு வந்து, ஆந்திரா முறுக்குக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் நிற்கும் இடத்தில் வரிசையாக நின்றன. இன்னொருவனுடைய ஷூ கண்ணுச்சாமி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து காலை ஆட்டியது. அதைப் பார்த்து அவன் அம்மா ஆச்சரியப்படவில்லை. அவன் அப்பா ஏற்கெனவே அந்த பெஞ்சில்தான் இருந்தார். வேனுக்கு நின்றவர்களுடைய அம்மாக்கள் வேறு மாதிரி. மூன்று பேரையும் காதைப் பிடித்து இழுத்துவந்து, அன்று சாயங்காலமே டியூஷனில் சேர்த்தார்கள். மறு வாரம் அதே ஷூக்கள் வேன் பக்கம் திரும்பாமல் ஐடிஐ வாசலில் போய் நின்றன. போகும் இடத்தை மாற்றலாம் என்று ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஏப்ரலில் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு, கொடுத்த குச்சிக்கு ஷூ வாங்க வந்தவர்களில் தமிழ்ச்செல்வி என்று ஒருத்தி. ஆட்டு வியாபாரி அழகுபாண்டியின் மகள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆட்டு வியாபாரத்தில் கணக்கு தெரிந்த ஆள் வீட்டில் இருப்பது சிரமம் என்பது அழகுபாண்டியின் அனுபவம். எட்டோடு நிறுத்திவிட்டு, காலம் வரும்போது தங்கச்சி இருளாயியின் மகன் காசிமாயனுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் மனதுக்குள் முடித்து வைத்திருந்தார். காசிமாயன் குண்டூரில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தான். தமிழ்ச்செல்வியோ காலேஜுக்குப் போவது என்று தன் மனதுக்குள் முடித்து வைத்திருந்தாள். இந்த நிலைமையில் அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய ஷூ, பள்ளியை விட்டு இறங்கி, மந்தையைத் தாண்டி, நேராக இருளாயி வீட்டு அடுப்படிக்குள் போய் அடுப்பைப் பார்த்து நின்றது. சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு முடிய வேண்டும். பதிமூன்றும் நாலும் பதினேழுதான். ஷூவுக்குச் சட்டம் தெரியாது.

அழகுபாண்டி டீக்கடைக்கு வந்து, இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.

"ஷூ எங்க போகுதோ அங்கதான் மாப்ள எம்பிள்ள போகும். நடுவுல நம்ம பேச ஒண்ணுமில்ல. இது எஞ்சொல்லு" என்றார் கண்ணுச்சாமியிடம். அவர் சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆட்டு விலையில் மட்டும் விதிவிலக்கு.

பள்ளியில் ஒரு பிள்ளையும் தன் வகுப்பில் இல்லை என்பதால் அசோக்குமார் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய ஷூவுக்கு ஊரில் காலகாலமாகச் செய்வதுதான்: முனையில் பழைய பேப்பரைத் திணிப்பது. ஒரு தாளுக்கு ஒரு வருடம் குறைந்தது. நாலு தாள் திணித்தால் ஷூ இன்றைய தேதிக்கு வந்து, ஒழுங்காகப் பள்ளிக்கு வந்து, மணியடித்ததும் வீட்டுக்குப் போனது. திங்கள் முதல் வெள்ளி வரை பேப்பரோடு, சனிக்கிழமை பேப்பர் இல்லாமல் என்று வழக்கமாயிற்று. சனிக்கிழமைகளில் பெற்றோர் வாசலில் நின்று, பிள்ளைகள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்தார்கள்.

தமிழ்ச்செல்வி முதல் சனிக்கிழமை அத்தை வீட்டு அடுப்படியில் நின்றபோது இருளாயி அவளுக்குப் பணியாரம் கொடுத்தார். இரண்டாம் சனிக்கிழமை அவள் காலைப் பார்த்தார். அந்த அடுப்படியில் சாமிப் பானை இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் கழுவி மெழுகும் அந்த இடத்துக்குள் எம்எல்ஏவே வந்தாலும் செருப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஷூவைக் கழற்றி வெளியே விடும்படி இருளாயி சொன்னார். தமிழ்ச்செல்வி பணியாரத்தை மென்று முடித்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"இங்க வந்தது ஷூதான் அத்தை. அதைக் கழட்டி வெளிய விட்டா, உள்ள நிக்கிறதுக்கு நான் யாரு?"

இருளாயிக்கு இதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் கூடியது. மூன்றாம் சனிக்கிழமை வாசலிலிருந்து சாமிப் பானை வரைக்கும் கரிசல் சேறு அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. அந்த வாரம் பேயாண்டிபட்டியில் மழை இல்லை. ஷூவில் சேறு எப்படி வந்தது என்பதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு. ஷூ தானாகவே வாய்க்காலில் இறங்கியது என்பது தமிழ்ச்செல்வியின் கருத்து. இன்னொரு கருத்து மற்ற எல்லோருடையது.

இருளாயி அப்படியே அண்ணன் வீட்டுக்கு நடந்தார். அழகுபாண்டி ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"எம்மருமக ஷூக் காலோட சாமிப் பானைக்கிட்ட நிக்கிறதுக்கு, எம்மகன் ஒரு முறுக்கக் கட்டிக்கிட்டாலும் எனக்குச் சம்மதந்தாண்ணே" என்றார். உறவில் குறை ஒன்றுமில்லை, தீபாவளிக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ச்செல்வி பேப்பரை உருவிவிட்டு வாசலில் நின்றாள். ஷூ சற்று யோசித்தது. பிறகு மந்தைப் பக்கம் போகாமல் கிழக்கே திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தது. அழகுபாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பின்னால் ஓடினார். மகளை இழுத்து வந்திருக்கலாம்தான். ஆனால் டீக்கடை வழியில் இருந்தது. "என்ன மாமா, ஷூ எங்க போகுதோ அங்கதான்னு சொன்னீக?" என்று கண்ணுச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். பெஞ்சில் இருந்த எல்லோரும் முன்பு இவர் டீயைக் குடித்தவர்கள். அழகுபாண்டி மகளுக்குப் பின்னால் பஸ் ஏறினார். கண்டக்டர் தமிழ்ச்செல்வியின் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிழித்தார்.

ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, ஒத்தக்கடையில் யானைமலை பக்கத்தில் வந்ததும் ஷூ இறங்கிக்கொண்டது. மேலூர் ரோட்டோரம் ஒரு கல்லூரி வாசலுக்குப் போய், உள்பக்கம் பார்த்து நின்றது. கேட்டில் சுடலை என்ற வாட்ச்மேன் இருந்தார். வருடாவருடம் புதுப் பிள்ளைகளைப் பார்ப்பவர் ஆதலால் அவர் காலைத்தான் முதலில் பார்த்தார், பார்த்துவிட்டுக் கேட்டில் கைவைத்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து கையை எடுத்தார்.

"காலு இந்தக் காலேஜ்தான் தாயி. மூஞ்சி இன்னும் வந்து சேரலையே. அது வரட்டும், தொறந்து விடுறேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அழகுபாண்டி செக்கானூரணி வரை டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டி வந்ததும், "ஒம்பதாப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம்த்தா நல்லாருக்கும்?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்த வருடம் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியபோது, ஷூக்களின் 2023இல் எல்லாம் திறந்திருந்ததால் ஷூக்கள் வழக்கம்போலக் கிளம்பின. மெயின் ரோட்டில் போலீஸ்காரர் மறித்தார். நாங்க போகல சார், ஷூதான் போகுது என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, கணுக்கால் வரைக்கும் அனுமதி உண்டு, அதற்கு மேலே இல்லை என்றார். பிள்ளைகள் திரும்பி வந்து ஷூவைக் கழற்றிப் பரணில் வைத்தார்கள். ஊரடங்கு முடிந்து எடுத்தபோது, பக்கத்தில் வைத்த வெல்லத்தை எறும்பு தின்றிருந்தது. ஷூவில் ஒரு கீறல் இல்லை. பிற்பாடு தேயவேண்டிய ஷூ என்பதால் அது முன்கூட்டித் தேயவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகள் ஒரு தாளை உருவிப் போட்டார்கள்.

நடந்ததைக் கேள்விப்பட்ட ஜனகராஜ் மிகவும் சங்கடப்பட்டு, காரில் பேயாண்டிபட்டிக்கு வந்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தடவை சரியான அளவில் வாங்கித் தருவதாகவும், ஒரு சைஸ்கூடக் கூட்டக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருப்பதாகவும் சொன்னார். அம்மாக்கள் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் வீடுகளிலிருந்து வந்த அளவுக் குச்சிகள் ஒடிக்கப்படாமல் முழுசு முழுசாக இருந்தன. ஒரு வீட்டிலிருந்து துடைப்பமே வந்திருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை டாக்டராக வேண்டுமாம், அதற்குக் கொஞ்சம் தூரம் தெரிய வேண்டுமாம்.

2023ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை தமிழ்ச்செல்வி ஷூவைக் கையில் எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு தாளும் விழவில்லை. காலை உள்ளே விட்டாள். கால் வளரவில்லை, அது பாட்டுக்கு உள்ளே போய்ச் சரியாக உட்கார்ந்தது. வாசலில் நின்று பார்த்தாள். ஷூ அசையவில்லை. அவள் நடந்தாள், அது கூடவே வந்தது. பஸ் ஸ்டாப்பில் இருளாயி ஒரு தூக்குவாளி முறுக்கோடு நின்றார், காசிமாயன் குண்டூரிலிருந்து கொடுத்துவிட்டது. ஹாஸ்டலில் திங்கும்போதாவது ஷூவைக் கழட்டி வச்சிட்டுத் தின்னு என்று சொல்லிக் கொடுத்தார். அழகுபாண்டி ஒத்தக்கடை வரை வந்து, கேட்டுக்குச் சற்றுத் தள்ளி, யானைமலையில் ஆடு மேய இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல நின்றுகொண்டார்.

சுடலை முதலில் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மூஞ்சி வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"லேட்டுதான்" என்று சொல்லிவிட்டு அவர் கேட்டைத் திறந்தார். தமிழ்ச்செல்வி உள்ளே போனாள். ஷூ அன்றிலிருந்து தேய ஆரம்பித்தது. உசிலம்பட்டிச் சந்தையில் அன்று தக்காளி கிலோ நூற்றிருபது ரூபாய். பேயாண்டிபட்டியில் வாரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினார்கள்.