சார் பார்க்கச் சொன்ன ஜப்பான் கடை

கல்ஃபில் மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருந்த வருஷம். கம்பெனி டிரைவரான எனக்கு அறுபது முடியப்போகிறது. விசாவைப் புதுப்பிக்க மேனேஜர் சேதுமாதவன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆளை நம்பமாட்டேன். ஆனாலும் சொன்ன வேலையை எல்லாம் செய்தேன்.

காரில் வைத்துச் சொன்னார்: "அம்மையப்பண்ணே, ஜப்பான் கடை மூணு பாருங்க. பெரிய விலை, நடு விலை, சின்ன விலை. மெனு கிடையாது, சமைக்கிறவன் வைக்கிறதைச் சாப்பிடணும். ஒமகாசேன்னு பேரு."

நான் எந்தக் கடைக்குப் போனாலும் பின்வாசலில் பாத்திரம் கழுவுகிறவனைத்தான் விசாரிப்பேன். கராமாவில் இருந்த மலிவுக் கடையில் அருள்ராஜ் என்று ஒரு நாசரேத்துக்காரன் இருந்தான்.

"அண்ணாச்சி, மீனு முந்தாநாள் வந்தது. வேண்டியவங்களைக் கூட்டிட்டு வந்திராதீக."

சாரிடம் அப்படியே சொன்னேன்.

"ஆபீஸ்ல ஒருத்தருக்கு ஃபேர்வெல். அதுக்கு அந்தக் கடை போதுமாண்ணே?"

"தாராளமா போதும் சார். போறவனுக்கு எதுக்குச் செலவு?"

இருவரும் சிரித்தோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் ஆறு பேரைக் கராமாவில் இறக்கினேன். வழக்கம்போல வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். சார் வந்து தோளில் கை போட்டார்.

"உள்ள வாங்கண்ணே. பார்ட்டியே உங்களுக்குத்தான்."

"விசா என்னாச்சு சார்?"

"வயசாயிடுச்சில்ல, கம்பெனி ரூல். அடுத்த வாரம் டிக்கெட்."

சமைக்கிறவன் முதல் பச்சை மீன் துண்டை என் முன்னால் வைத்தான். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். விழுங்கிவிட்டேன்.

புது டிரைவர் இன்னும் வந்து சேரவில்லை. அன்றைக்கு அவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.