ரீஃபண்டுக்காரி சொன்ன யோசனை

குளிக்கப் போனால்கூட லீமாரோஸ் போனைக் கையோடு கொண்டுபோவாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். மணி அடித்தால் சோப்பு நுரையோடு எடுப்பாள். எடுத்தால் யார்? "வணக்கம் மேடம், உங்க கணவருக்கு இன்கம் டாக்ஸ் ரீஃபண்ட் வர வேண்டியிருக்கு." நாசமாய்ப் போக. சொல்கிற குரலில் மட்டும் தேன் வழியும்.

புருஷன் சகாயவினோத் அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்தான். நண்டு வலை எடுக்கப் போன இடத்தில் இன்ஜின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டது. அவர்கள் ஊரான காரங்காட்டில் ஆம்பிளைகள் கடலுக்குப் போகும்போது போனை வீட்டில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் போன் அவ்வளவுதான். அப்படி அவன் விட்டுப்போன பட்டன் போன்தான் அவள் கையில் இருப்பது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரும் அதுதான்.

இதுவரை ஒரே ஒரு முறை பேசியிருக்கிறான், யாழ்ப்பாணத்து வக்கீல் போனிலிருந்து.

"லீமா, புதன்கிழமை கோர்ட்டு. அபராதம் கட்டுனா விட்டுருவாகளாம். இல்லாட்டி ஆறு மாசம். பெரட்ட முடியுமான்னு பாரு. அன்னைக்குக் காலையில வக்கீலு கூப்பிடுவாரு, நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவரே கட்டிருவாரு. நாம பெறகு குடுத்துக்கலாம்."

அந்த வக்கீல் இன்டர்நெட் வழியாகப் பேசுகிறவர். ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர் விழும். இவள் திருப்பிக் கூப்பிட்டால் போகாது. ஆகவே எந்த நம்பர் வந்தாலும் எடுத்தாக வேண்டும். எடுத்து, "சொல்லுங்க சார்" என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரீஃபண்டு வரும்.

இந்த ரீஃபண்டுக் கம்பெனிக்காரர்களுக்கு அவன் எப்படிக் கிடைத்தான் என்றால், ஊரில் அஞ்சு வள்ளத்து நண்டும் அவன் பேரில்தான் விலைக்குப் போகும். பான் கார்டு வைத்திருந்த பாவம் அவன் ஒருத்தனுடையது. நண்டுக் கம்பெனி அவன் பேரில் வரி பிடித்துக் கட்டியிருந்தது. அந்த விவரத்தை எவனோ எங்கேயோ விற்றுத் தின்றிருக்கிறான். நண்டுக் கம்பெனிக் கணக்கர் காளிராஜிடம் போய்க் கேட்டாள்.

"அந்தப் பக்கமே போயிராதத்தா. இல்லாத நன்கொடை, இல்லாத வாடகையெல்லாம் எழுதி காசு வாங்குவாங்ய. பாதிய அவங்ய எடுத்துக்கிருவாங்ய. நோட்டீஸ் மட்டும் வினோத்துக்கு வரும்."

அதற்குப் பிறகு அவள் வேண்டாம் என்றே சொன்னாள். வேண்டாம் என்றால் விடுகிற சாதியா அது? இன்னும் அதிகமாகக் கூப்பிட்டார்கள். காலையில் ஒருத்தி, உச்சிப் பொழுதில் ஒருத்தன். ஒருநாள் லீமாரோஸ் போனிலேயே அழுதுவிட்டாள். அழுகை அடங்கும்வரை பொறுத்திருந்து, "ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க மேடம்" என்றான் அந்தப் பக்கம் இருந்தவன்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயப் பணம் சேர்ந்துவிட்டது. வளையலும் சங்கிலியும் போயின. நாத்தனார் பிரெசில்லா கேட்காமலேயே தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "அண்ணன் வந்து வாங்கித் தரட்டும் மதினி" என்றாள்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து லீமாரோஸ் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயில் மணி எட்டு அடித்து அடங்கியதும் போன் அடித்தது.

"சொல்லுங்க சார்!"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வணக்கம் மேடம், நான் சிநேகா பேசறேன், ரீஃபண்ட் விஷயமா..."

"ஏந்தாயி, ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன். இன்னைக்கு ஒரு நாளு விட்டுருங்க. எங்க வீட்டுக்காரரு செயில்ல இருக்காரு. இப்ப ஒரு போன் வரும். அது வந்தாத்தான் அவரு வீடு வந்து சேருவாரு. நீங்க பேசிக்கிட்டே இருந்தா அது எப்படித்தா வரும்?"

அந்தப் பெண் திகைத்துப் போனாள். நல்ல பெண்தான். சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறவள். குரலை இறக்கிக்கொண்டு பேசினாள்.

"அக்கா, நாங்க டயல் பண்றதில்லக்கா, மிஷின்தான் பண்ணுது. உங்க நம்பரை லிஸ்ட்லேருந்து எடுக்க எனக்கு பவர் இல்ல. ஒண்ணு செய்ங்க. மிஷின் கூப்பிட்டா, நீங்க எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அதுக்கப்பறம்தான் எங்க லைனுக்கு வரும். அப்படிச் சத்தமில்லன்னா அது நாங்கதான். ஒடனே கட் பண்ணிருங்க. நாலஞ்சு தடவ கட் பண்ணுனா மிஷினே உங்க நம்பரை விட்டுரும். ஒங்க போனும் ஃப்ரீயா இருக்கும்."

"நீ நல்லா இருப்ப தாயி" என்றாள் லீமாரோஸ். மனதாரச் சொன்னாள். இத்தனை நாளில் அந்தக் கம்பெனியிலிருந்து மனுச வார்த்தை பேசியவள் அவள் ஒருத்திதான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தாள். சத்தமில்லை. கட் பண்ணினாள்.

மறுபடி அடித்தது. "சார்?" என்றாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். ஒன்றுமில்லை. கட் பண்ணினாள். மூன்றாவது தடவை, சனியனே என்று திட்டிவிட்டு வைத்தாள். நான்காவது தடவையும் அப்படியே. அதற்குப் பிறகு போன் ஓய்ந்தது. அந்தப் பெண் சொன்னபடியே மிஷின் விட்டுவிட்டது என்று அவளுக்கு ஒரே நிம்மதி. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

அடுத்த போன் மத்தியானம் வந்தது. எடுத்தவுடன் குரல் கேட்டது. வக்கீல்தான்.

"அம்மா, காலமை நாலு தரம் உங்களுக்குக் கோல் எடுத்தனான். கோர்ட்டுக்குள்ள லைன் வரக் கொஞ்சம் சுணங்கும், அதுக்குள்ள நீங்கள் வைச்சிட்டீங்கள். கடைசியாப் பக்கத்தில நிண்ட உங்கட மனுசன்தான், இனிக் கோல் எடுக்க வேண்டாமெண்டு சொன்னவர். அபராதம் கட்ட வழியில்லை எண்டு நீதவானிட்டச் சொல்லிப்போட்டார். ஆறு மாதமம்மா."

லீமாரோஸுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் மடியிலிருந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கக் கத்தினாள்.

"பணம் இருக்கு சார்! இங்கன மடியில இருக்கு சார்! நேத்தே சேந்துருச்சு சார்! சரி சார், நான் சரின்னு சொல்லுறேன் சார்!"

"ஐயோ... தீர்ப்பு வாசிச்சுப் போட்டாங்களம்மா. அவரைச் சிறை வாகனத்தில ஏத்திக்கொண்டும் போயிட்டாங்கள்."

பிரெசில்லா ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். வக்கீல் போனை வைக்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்று தயங்கியது குரலிலேயே தெரிந்தது.

"வாகனத்தில ஏற முன்னம் உங்களிட்டச் சொல்லச் சொன்னவர். காசு கிடைக்கேல்லை, அதை அவருக்குச் சொல்ல வாய் வராமல்தான் நீங்கள் போனை வைக்கிறீங்களாம். அதுக்காக அழக் கூடாதாம். கேட்டதே தன்ர பிழையாம்."