கொழும்புக்குப் போன வாய்

பல் டொக்டரிடம் போவதற்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போன ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? 2009ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் றக்வானையிலிருந்து பெல்மதுளை பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாம்பழ நிறப் பட்டும் தலை நிறையப் பூவுமாக ஜெயம்மா. பக்கத்தில் முழுக்கைச் சட்டையில் அவள் புருஷன் முத்துவீரன். முன் சீட்டில் ரிப்பன் கட்டிய மகள்மார் இருவர். "கல்யாண வீடுங்களா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "இல்லைங்க, பல்லு கட்டப் போறோம்" என்று முத்துவீரன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஜெயம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

வாயைப் பொத்துவது அவளுக்குப் புதிதல்ல. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் அவள்தான் ஆயம்மா. ஒரு மழை நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது வழுக்கிவிட்டது. குழந்தையைக் கைவிடாமல் பிடித்ததில் முகம் போய்க் கல்லில் மோதியது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஜெயம்மாவுக்கு மேல்வரிசை நடுப்பல் ஒன்று போயிற்று. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் முதலில் கைதான் வாய்க்குப் போகும்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்ச நாளில் பிள்ளைக்காம்பராவில் இருந்த வாண்டுகள் எல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தன. சிரிப்பது என்றால் அப்படித்தான் என்று அவை நினைத்துக்கொண்டன. பால் பல் தெரியச் சிரிக்க வேண்டிய பிள்ளைகள் இப்படிச் சிரிப்பதைப் பார்த்த அன்று ஜெயம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். எப்படியாவது பல் கட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

முடிவு செய்தால் போதுமா? பல் கட்ட முதலில் அச்சு எடுக்க வேண்டும். பெல்மதுளை பல் கிளினிக்கில் ஒரு தட்டு நிறையப் பசையைக் குழைத்து மேல்வாயில் வைத்து அமுக்கினார்கள். பசை தொண்டைப் பக்கம் வழிந்ததுமே ஜெயம்மாவுக்குக் குடலே வெளியே வந்துவிடும்போல் குமட்டியது. முதல் தடவை தட்டைத் தட்டிவிட்டாள். இரண்டாம் தடவை டொக்டர் றமீலாவின் வெள்ளைக் கோட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அந்த அம்மா நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே கழுவிக்கொண்டார். வெட்கம் தாங்காமல் ஜெயம்மாதான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அங்கே நேர்ஸாக இருக்கும் விஜயகலாவிடமிருந்து போன் வந்தது. கொடகவெலத் தோட்டத்துப் பிள்ளை. "அக்கா, கொழும்புக் கம்பனி ஒன்னு டொக்டருக்கு ஒரு மெஷினப் பாக்கக் குடுத்திருக்குங்க. டோர்ச் மாதிரி ஒன்ன வாய்க்குள்ள விட்டு வரிசையா போட்டோ எடுக்கும். பசையே கெடையாது. அந்தப் போட்டோவ கொழும்புக்கு அனுப்புனா அங்கேருந்து பல்லு செஞ்சு வரும். வெள்ளிக்கிழமை பகலோட மெஷின கொண்டு போயிருவாங்க. அதுக்குள்ள வந்துருங்க."

முத்துவீரன் இதைக் கேட்டு ரொம்ப யோசித்தான். அவன் யோசித்தாலே ஆபத்துதான். "வாய மட்டுமா எடுப்பான்? மூஞ்சிக்கு ஏத்த பல்லு வேணும்ல? முன்னப்பின்ன தெரியாத கொழும்பு ஆளுங்க பாக்கப் போறாங்க. குடும்பமா நல்லா உடுத்திக்கிட்டுப் போவோம். நீ வெத்தலக் கறையோட நின்னா நம்ம தோட்டத்துக்கே அசிங்கம் புள்ள."

அது ஜெயம்மாவுக்கும் சரியாகப் பட்டது. அடுப்புக் கரியும் உப்பும் பொடித்து இரண்டு நாளாகப் பல்லைத் தேய் தேய் என்று தேய்த்தாள். கறை போனது உண்மைதான்.

பட்டுச்சேலையோடு அவள் உள்ளே நுழைந்ததும் விஜயகலா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அய்யோ அக்கா, மெஷின் பல்ல மட்டுந்தான் பாக்கும்!" ஜெயம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் உண்மையான இடி கதிரையில் சாய்ந்த பிறகுதான் விழுந்தது. டொக்டர் றமீலா வாயைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"என்ன போட்டுத் தேய்ச்சீங்க? பல்லு முரசெல்லாம் புண்ணாகி ரத்தம் வருதே!"

"கரியும் உப்புங்க, டொக்டரம்மா."

டொக்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். புதுப் பல்லைத் தாங்குவதற்காக, போன பல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பற்களை அராவி, அவற்றின் ஓரம் துல்லியமாகத் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். ஓரத்தை ரத்தம் மூடினால் மெஷின் ரத்தத்தைத்தான் படம் பிடிக்கும். அராவிய பிறகு படம் சரிவராவிட்டால் நல்ல பற்கள் இரண்டும் வீணாகிவிடும். "ரத்தம் முழுசா நிக்காம நான் கை வைக்க மாட்டேன். பின்னேரம் ஆகும். மெஷின்காரர் பகலைக்கே போகணும் என்கிறார்."

ஜெயம்மா வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். பசையில்லாமல் வந்த ஒரே வாய்ப்பைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்து மருகினாள். கண்ணீர் பட்டுச்சேலையில் விழுந்தது. மூத்த மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பனிக்காரர் ஓரமாக உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்புச் சிங்களவர். முத்துவீரன் நேரே அவரிடம் போனான். சிங்களம் அவனுக்குத் தமிழைவிட நன்றாக வரும். மனைவிக்குப் பல் போன கதை, பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கும் கதை, கரி வைத்துத் தேய்த்த கதை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். கரிக் கதைக்கு அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் மஹத்தயா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் பிரித்தான். சம்பலின் உறைப்பில் கண் கலங்க, இரண்டாவது ரொட்டியை எடுத்தபோது கம்பனிக்காரர், "ஹரி ஹரி, இருட்டுறதுக்குள்ள போனாப் போதும்" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டார்.

வெந்நீரில் கொப்பளிப்பதும் பஞ்சை மாற்றுவதுமாக நேரம் போனது. கடைசியில் டொக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். ஊசி போட்டு, பற்களை அராவி, மெஷினின் முனையை வாய்க்குள் விட்டார். குமட்டவில்லை! டோர்ச் போல ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பக்கத்துத் திரையில் ஒவ்வொரு பல்லாக வந்து உட்கார்ந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் ஓட்டையாக நின்றது. மெல்லிய நூலை முரசுக்குள் வைத்து எடுத்து இன்னொரு தடவை காட்டியதும் அந்த ஓட்டையும் மூடிக்கொண்டது. டொக்டர் திரையில் அந்தப் பல்வரிசையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"ஒம் பல்லோட முதுகக்கூட பாத்துட்டேன் புள்ள," என்றான் முத்துவீரன்.

ஊசியில் விறைத்த உதட்டோடு ஜெயம்மா சிரித்தாள். எல்லோரும் உடுத்தித்தானே இருக்கிறோம், பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போவோம் என்றான் அவன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். "பல்லு வரட்டுங்க."

பல் வந்தது. பொருத்தியபோது, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததைப்போல் இருந்தது. அன்றும் அதே பட்டுச்சேலைதான், அதே முழுக்கைச் சட்டைதான். கண்ணாடியில் ஒரு தடவைக்குப் பத்துத் தடவை பார்த்துவிட்டு, அவளே முன்னால் நடந்து ஸ்டுடியோவுக்குப் போனாள். அவர்களுடைய கல்யாணப் போட்டோவை எடுத்த அதே நுஹ்மான் நானாதான் இன்னும் இருந்தார். தலையெல்லாம் நரைத்திருந்தாலும் பழைய கண்டிப்பு போகவில்லை. நாடியை உயர்த்தச் சொன்னார். பிள்ளைகளை நேராக நிறுத்தினார். கமராவுக்குப் பின்னால் குனிந்தவர் மறுபடியும் நிமிர்ந்தார்.

"தங்கச்சி, சிரிக்காம வாய மூடிக்கொண்டு நில்லுங்க. போட்டோ லெச்சணமா வரணும்."

ஜெயம்மாவின் கை பழக்கத்தில் பாதி தூரம் மேலே வந்தது. அதை அவளே இறக்கிக்கொண்டாள்.

"கல்யாணத்தப்ப எல்லாம் சொந்தப் பல்லுங்க நானா. நீங்க சொன்னீங்கன்னு மூடிக்கிட்டேன். இந்தப் போட்டோவ எங்க பிள்ளைக்காம்பராவுல மாட்டப் போறேன். பிள்ளைங்க பாக்கணும். நீங்க எடுங்க, நான் மூட மாட்டேன்."