வளையாத ராடு

அண்ணி கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ராடைப் பட்டறை மேசையில் தொப்பென்று போட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

"இது மூணாவது, தம்பி. போதும். இனிமே வளையவே வளையாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க."

"நான் என்ன அண்ணி, வளையட்டும்னா செஞ்சு குடுத்தேன்?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அதிலும் என் வேலையைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

ராடு என்றால், ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற டை ராடு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் இரண்டு சக்கரமும் ஒன்றுபோலத் திரும்புவது இதனால்தான். இது வளைந்துவிட்டால் சக்கரங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் வண்டியை உருட்டாத குறையாக வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டியதுதான்.

அண்ணன் போவது வாலுவைத் தேடி. ஒரே பையன். சின்ன வயதுச் சேட்டையால் வந்த பெயர், மீசை முளைத்த பிறகும் போகவில்லை. மலைமேல் ரோடு போடுகிற முகாமில் பாறை துளைக்கிற மெஷின் ஓட்டினான். போன மழையில் மலை சரிந்து முகாமை அப்படியே மூடிவிட்டது. கொஞ்ச நாள் தேடினார்கள், பிறகு கைவிட்டார்கள். அண்ணன் விடவில்லை. "அந்தப் பக்கமா இறங்கித் தப்பிச்சிருப்பான்டா. போய்ப் பார்த்தாத்தானே தெரியும்" என்று ஒரு பழைய ஜீப்பை வாங்கி, பெரிய டயர்களை மாட்டி, பாதை இல்லாத இடத்தில் பாறைமேல் ஏற்ற ஆரம்பித்தார். அடுத்த மழையே வரப்போகிறது, இன்னும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் வழியில் ராடு வளைந்துவிடும். "ராடு மட்டும் நின்னிருந்தா போய்ச் சேர்ந்திருப்பேன்" என்பார். அடுத்த ராடு தயாராகும்வரை அந்தப் பேச்சில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அண்ணி உட்காரவில்லை. "ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா அவர் மனசு அடங்கிரும். அங்க ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா வீட்டுல அவன் சட்டையத் தொட விடமாட்டேங்கிறாரு. கண்ணு கலங்கினாக்கூட, யாருக்காக அழறேன்னு எரிஞ்சு விழறாரு. எனக்கு அழணும் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் போனபிறகு ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாறையில் இடித்த ராடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயிண்ட் நீளத்துக்கு வழித்துக்கொண்டு போயிருக்கும், இரும்பு கோணல்மாணலாக நசுங்கியிருக்கும். முதலாவது அப்படித்தான் வந்தது. இதில் கல் பட்ட கீறலே இல்லை. நடுவில் ஜாக்கித் தலையின் வட்டப் பதிவு, இரண்டு பக்கமும் சங்கிலி கடித்த தடம். ராடைச் சங்கிலியால் கட்டி, நடுவில் ஜாக்கியைக் கொடுத்து நிதானமாக வளைத்திருக்கிறது ஒரு கை. அந்த மலையில் அண்ணனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அவருக்குப் போகவும் வேண்டும், போய்ச் சேரவும் கூடாது. அண்ணனை நினைத்துத் திட்டப் பார்த்தேன், திட்டு வரவில்லை.

அண்ணியிடம் மூச்சு விடவில்லை. அவர் கேட்டதைச் செய்தேன். ஒட்டுப்போடாத கெட்டிக் குழாய் எடுத்தேன். ஒரு முனையில் வலப்பக்கம் திருகும் மரை, மறுமுனையில் இடப்பக்கம் திருகும் மரை வெட்டினேன். குழாயைத் திருகினாலே நீளம் கூடும், குறையும், சக்கரம் நேராகும். இரண்டு முனையிலும் லாரிக்குப் போடுகிற குண்டு மூட்டுகளை, பால் ஜாயிண்ட்களைப் பூட்டினேன். ராடு பாறைக்கு எட்டாத உயரத்தில் உட்கார, சக்கரத்தோரம் மாட்டும் கைகள் இரண்டையும் கனத்த இரும்பில் புதிதாக அறுத்தேன். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வருகிற ராடும் அதே குழாய். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வேலை என் கையிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை.

அண்ணன் வந்து ராடைத் தட்டிப் பார்த்தார். "இது வளையாதா?"

"யானை ஏறி மிதிச்சாலும் வளையாது."

"நல்லதாப் போச்சு" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மூன்று பேருமாகப் போனோம். வராதே என்று அண்ணன் சொல்லியும் அண்ணி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எங்களை நம்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒதுங்கிப் போக இடமிருந்தும் அண்ணன் வண்டியைப் பெரிய கல்லின்மேல் விட்டார். ஒரு கல், இன்னொரு கல். எங்கள் பல்தான் ஆடியது, ராடு 'போடா' என்றது. வழக்கமாகத் திரும்பிவிடுகிற இடத்தைத் தாண்டினோம். அண்ணன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

கடைசி வளைவுக்கு முன்னால் வண்டி நின்றது. அதைத் திரும்பினால் முகாம்.

"கீழ ஏதோ சத்தம் கேட்டுச்சு. இறங்கிப் பாரு" என்றார் அண்ணன்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அடியில் தவழ்ந்து போனேன். ராடு வைத்தது வைத்தபடி நேராக இருந்தது. அங்கிருந்தபடியே அண்ணியின் செருப்புக் கால்கள் வண்டியைவிட்டு இறங்குவதைப் பார்த்தேன். அவை நிற்காமல் வளைவைத் திரும்பி மறைந்தன.

நான் வெளியே வந்தபோது அண்ணன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் பார்க்கவில்லை. "வளைஞ்சிருக்கா?" என்றார். நான் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணி திரும்பி வந்தார். என் பக்கத்தில் வந்ததும், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மேடா இருக்கு தம்பி. எல்லாம் புல்லு முளைச்சிருச்சு" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இன்னும் பானெட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"என்ன தம்பி," என்று சத்தமாகக் கேட்டார். "ராடு வளைஞ்சிருச்சா?"

"ஆமா, அண்ணி."

"நான் சொல்லல?" என்றார் அண்ணன். அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "ராடு மட்டும் நின்னிருந்தா போயிருக்கலாம்."

வண்டியைத் திருப்பினார். அந்தக் குறுகலான இடத்தில் அது வெண்ணெய் மாதிரித் திரும்பியது. வளைந்த ராடை வைத்துக்கொண்டு இப்படித் திரும்பாது என்று காலமெல்லாம் வண்டி ஓட்டியவருக்குத் தெரியாதா? இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட்டோம்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் கடைக்கு வந்து நிறுத்தி, சீட்டுக்கடியிலிருந்து ஜாக்கியையும் சங்கிலியையும் எடுத்தார். எங்களிடம் ஒளிக்கவும் இல்லை. வண்டிக்கடியில் படுத்துச் சங்கிலியைச் சுற்றி ஜாக்கியை ஏற்றினார். சங்கிலி முனகியது, ஜாக்கி வழுக்கியது. மறுபடி ஏற்றினார். மறுபடி வழுக்கியது.

"வளைய மாட்டேங்குதுடா" என்றார் அடியிலிருந்து.

கடை வாசல் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். செருப்பில் மலைமேல் மிதித்த சேறு காய்ந்திருந்தது. "வளைச்சுக் குடுத்துருங்க தம்பி" என்றார். "நான் பார்த்துட்டேன். எனக்குப் போதும்." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அண்ணனுக்குக் கேட்காமல் அழுதார்.

நான் ராடைக் கழற்றிப் பட்டறை மேசையிலிருந்த வைஸ் பிடியில் இறுக்கி, காஸைப் பற்றவைத்து நடுவில் காட்டினேன். மறுமுனையில் ஒரு நீளக் குழாயைச் செருகி இழுத்தேன். நல்ல இரும்பு. சிவந்த பிறகும் லேசில் மசியவில்லை. அண்ணன் எழுந்து வந்து, என் பக்கத்தில் நின்று அவரும் ஒரு கை பிடித்தார்.