தாழ்ந்த பக்கத்து டேங்க்

1.
இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நான் சமைத்துப் போடும் மாட்டுப் பண்ணையின் முதலாளி கிளெனிஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "விமானத்துல பெட்ரோல் தீந்துபோய் பொட்டல்ல எறங்கினேன்ப்பா" என்று சிரித்தாள். நான் எழுதிப் பார்த்த முதல் வரி: வானம் திடீரென்று ஊமையாகி...

அடித்துவிட்டேன். கிளெனிஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் மானத்தை வாங்கிவிடுவாள்.

2.
அவளுடையது மாடு தேடிப் பறக்கும் சின்ன விமானம். இரண்டு இறக்கையிலும் டேங்க், நடுவே இணைப்புக் குழாய். அளவு காட்டும் முள்ளை இங்கே யாரும் நம்புவதில்லை. மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார்கள். அன்று விமானம் நிழலுக்காக மரத்தடிச் சரிவில் நின்றது. மேட்டுப் பக்கத்துப் பெட்ரோலெல்லாம் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடியிருந்தது. முட்டி வலிக்காரிக்கு ஏறச் சுலபமான பக்கமும் அதுதான். குச்சி நன்றாக நனைந்து வந்தது. மறுபக்கமும் இப்படித்தான் இருக்கும் என்று கிளம்பிவிட்டாள்.

(இங்கே அவளை முட்டாளாக்கினால் கதை விறுவிறுக்கும். மனம் வரவில்லை. என் முட்டி வலித்தாலும் அதைத்தான் செய்வேன்.)

3.
நடுவானில் எஞ்சின் நின்றது. காய்ந்த களிமண் பொட்டலில் கீறலில்லாமல் இறக்கி, ரேடியோவில் கணவனைக் கூப்பிட்டாள். "வயசாச்சு, விமானத்த வித்துடு" என்று மாதக்கணக்காக நச்சரிக்கும் நெவில், பெட்ரோல் கேன்களோடு வண்டியில் வந்தான். முதல் வேலையாக விமானச் சாவியை உருவிக்கொண்டான். பறக்காவிட்டால் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும்.

"ரெண்டு பக்கமும் பாத்தியா?"

"எஞ்சின்ல ஏதோ..." [பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். அவளுக்குப் பொருந்தவில்லை.]

"ஒரு பக்கந்தான். உன் முட்டியக் கடன் குடுத்திருந்தா ரெண்டும் பாத்திருப்பேன்."

"வாய் மட்டும் கொறையல. செத்திருந்தா?"

"நீ நிம்மதியா வித்திருப்ப."

நெவிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண் கலங்கியது. "பயந்துட்டேன்டி," என்றான்.

4.
இரண்டு டேங்கையும் அவனே நிரப்பினான். இரண்டிலும் அவனே குச்சி விட்டுப் பார்த்தான்.

"சாவியக் குடு, நெவில். வீட்டுக்கு ஓட்டிட்டு வரேன்."

முடிவு ஒன்று: கொடுக்கிறான், அவள் பறக்கிறாள்.

முடிவு இரண்டு: அவளை வண்டியில் ஏற்றுகிறான், விமானத்தை வாங்க ஆட்கள் வருகிறார்கள், அவள் அடுப்படியில் வந்து என் சாம்பாரில் குறை... வேண்டாம், கை ஓடவில்லை.

நிஜத்தில் என்ன ஆனதென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் அவள் கட்சி. அவன் பயத்துக்கு என்னிடம் நியாயம் கிடைக்காது. அதனால் சாவியை உங்களிடம் தருகிறேன். அவள் கை நீட்டியபடி நிற்கிறாள்.